ஆறடி நாலங்குலப் பெட்டி

எங்கள் தீவு ஊரான திகாபோனுக்கு வந்து கிரிஸ்புலோ திரெஸ்பேசெஸ் வீடு எது என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான். புலோ என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் எதிராளி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், கடைவீதியின் கோடியைக் கையால் காட்டுவார். அங்கேதான் புலோவின் பட்டறை. அவர் சவப்பெட்டி செய்கிறவர்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பெட்டி ஆளைவிடக் கொஞ்சம் நீண்டு போனால், அந்த வெற்றிடத்தை நிரப்ப அதே வீட்டிலிருந்து இன்னொருவர் கிளம்பிவிடுவார். ஆகவே அளவில் தப்புவது வேலைப் பிசகு இல்லை, கிட்டத்தட்டக் கொலை. புலோ முப்பத்தொரு வருஷமாகப் பெட்டி செய்தார். அவர் பெட்டியில் போன ஒருவர்கூட இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிட்டது கிடையாது. சொந்த மாமியாருக்கே அரை அங்குலம் தாராளம் காட்டாத மனுஷன் என்று சுற்றுவட்டாரத்தில் ஆறு ஊருக்கும் தெரியும்.

பேர் இருந்து என்ன, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாமா? ஜீப்னி வண்டியில் இருபது பேர் பிதுங்கிக்கொண்டு போவார்கள். புலோ ஏறினால் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாக இடம் கிடைத்துவிடும். கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவரைக் கண்டால் தெருவைக் கடந்து போய்விடுவார்கள். யாரும் வெறுக்கவில்லை, பாவம், பயம். புலோவும் லூமிங்கும் பிள்ளையில்லாத தம்பதி. இரண்டு பேருமாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சலித்துப்போய், வீட்டில் ரேடியோவைப் பேச விட்டிருந்தார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஊருக்குக் கூடைப்பந்து அணி வந்தது. தெருவுக்கு மூன்று வளையம் தொங்குகிற ஊர்தான், ரப்பர் செருப்போடு ஆடுகிற பந்து இல்லை இது. சம்பளத்துக்கு ஆடுகிற பந்து. ஐஸ் ஆலை முதலாளி எங்க்ராசியோ திராடோருக்கு யார் ஓதினார்களோ, ஆறு ஊர் சேர்ந்து நடத்துகிற தீவுகள் லீகில் ஓர் அணியை இறக்கிவிட்டார். பெயர், திகாபோன் திமிங்கிலங்கள். அதில் ஆறடியைத் தொட்டவன் ஒரே ஒருவன், அதுவும் தலைமுடியைச் சேர்த்து.

முதல் ஆட்டத்துக்கு லூமிங் கட்டாயப்படுத்திப் புலோவை இழுத்துக்கொண்டு போனாள். திமிங்கிலங்கள் இருபத்திரண்டு புள்ளியில் தோற்றார்கள். ஆனால் இடையில் ஒரு பந்து அரைக்கோட்டிலிருந்து பறந்து போய் வளையத்துக்குள் விழுந்தது பாருங்கள், அப்போது புலோவுக்கு முன்னால் இருந்த மீன்காரர் துள்ளி எழுந்து, திரும்பி, கையில் அகப்பட்ட ஆளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டார். யாருக்கு வைத்தோம் என்று அப்புறம்தான் பார்த்தார். அதற்குள் அடுத்த பந்து போய்விட்டது, பயப்பட நேரமில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது புலோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"தோத்துட்டு வந்து இப்படி இளிக்கிறியே, என்னய்யா ஆச்சு?" என்றாள் லூமிங்.

"மீன் நாத்தம் அடிக்குதா பாரு" என்று கன்னத்தைக் காட்டினார் புலோ. "சுத்தமான மீன் நாத்தம்!"

அதிலிருந்து ஒரு ஆட்டம் விட்டதில்லை. பந்து விழுந்தால் ஊர் ஆளை ஆள் கட்டிக்கொள்ளும், அதில் அவரும் ஓர் ஆள். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. திமிங்கிலங்கள் இருக்கிறவரை தான் உயிரோடிருப்பவர்கள் கூட்டத்தில் ஒருவன் என்று வைத்துக்கொண்டார்.

லீகில் ஒரு விதி. ஒவ்வோர் அணியும் வெளிநாட்டு ஆட்டக்காரன் ஒருவனை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவன் ஆறடி நாலங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. விதி போட்ட அன்றைக்கே சண்டை. அளவு நாடா இழுத்தால் நீளும் என்றார் ஒருவர், டாக்டர் என் மச்சானுக்கு வேண்டியவர் என்றார் இன்னொருவர். ஆறு ஊர் முதலாளிகளும் ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டி ஓய்ந்த பிறகு, ஆறு பேரும் சம்மதிக்கிற அளவு யாருடையது என்று யோசித்தார்கள். ஆறு பேர் வீட்டிலும் பெரியவர்கள் புலோவின் பெட்டியில்தான் போயிருந்தார்கள்.

லாகுனோய் அணியின் கோச் கும்பான், வாயில் ஈட்டி வைத்துக்கொண்டு பேசுகிற ஆள், அவரே சொன்னார். "புலோ திகாபோன்காரன்தான். இருக்கட்டுமே. அவன் எங்கப்பனை அளந்தவன். எனக்கு அது போதும்."

புலோவுக்கு நாடாவைக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை.

"நிக்கிறவனை அளந்து எனக்குப் பழக்கமில்லீங்க. எங்கிட்ட வந்தவன் எவனும் நின்னதில்லை."

ஆக, தனக்குத் தெரிந்ததைச் செய்தார். நல்ல மரத்தில், மூடியில்லாமல், உள்ளளவு சரியாக ஆறடி நாலங்குலம் வருகிற மாதிரி ஒரு பெட்டி. ஆட்டக்காரன் அதில் மல்லாந்து படுக்க வேண்டும். உச்சந்தலை பலகையில் முட்ட, குதிகாலுக்கும் கால்பலகைக்கும் நடுவே புலோ, ஊரின் காவல் புனிதர் சான் விசென்தே படம் போட்ட செப அட்டை ஒன்றைச் செருகுவார். அட்டை மடங்காமல் அடிவரை இறங்கினால் ஆடலாம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பார். இறந்தவர்களுக்கும் அவர் அப்படித்தான் செய்வார். முதல் தடவை உடம்பு இறுக்கத்தில் இருக்கும், ஒரு மந்திர நேரம் விட்டால் தளரும், அப்போது வருவதே நிஜ அளவு என்பது அவர் கணக்கு.

மற்ற ஐந்து ஊர்களின் வெளிநாட்டுக்காரர்களும் இப்படிப் படுத்து எழுந்தார்கள். டெக்ஸாஸ்காரன் ஒருவன், மலை மாதிரி ஆள், பெட்டியிலிருந்து எழுந்த வேகத்தில் அம்மாவுக்கு டிரங்க்கால் போட்டு அழுதான். சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, வழியில் எங்காவது நுழைந்து ஆவியை உதறிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே அளவு முடிந்ததும் ஒவ்வொருவனையும் தெல்பாவின் ரொட்டிக்கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே அனுப்பினார்கள். தெல்பாவுக்கு வியாபாரம் அமோகம். ஏழு மாத வயிற்றோடு கல்லாவில் நின்றுகொண்டு, "ஆவியை உதறினா மட்டும் போதாது, ரொட்டியும் வாங்கணும்" என்பாள்.

இந்தத் தெல்பாதான் ஆட்டத்தில் லூமிங்குக்கு அடுத்த இருக்கை. நடுவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவதில் இருவரும் ஜோடி. ஆனால் புலோவுக்கும் தனக்கும் நடுவில் லூமிங் இருக்கிறாளா என்று தெல்பா தவறாமல் பார்த்துக்கொள்வாள். வயிற்றில் பிள்ளை, சும்மாவா?

திமிங்கிலங்களுக்கு மட்டும் வெளிநாட்டுக்காரன் வரத் தாமதமானது. உள்ளூர்ப் பையன்களை வைத்தே நாலு ஆட்டம், நாலும் தோல்வி. திராடோர் மைக்கைப் பிடித்து வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "திருவிழா அன்னிக்கு லாகுனோய் இங்க வருது. நம்ம அமெரிக்காக்காரன் அன்னிக்கு இறங்கலைன்னா, அணியை அன்னிக்கே மூடிட்டு ஐஸ் விக்கப் போறேன். ஐஸாவது சொன்ன பேச்சைக் கேக்கும்."

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் பஸ்ஸிலிருந்து வெண்டெல் இறங்கினான். முதலில் ஒரு கால் இறங்கியது, வெகுநேரம் கழித்து மீதி ஆள் இறங்கினான். ஊரே திரண்டு போய்க் கழுத்தில் மாலை போட்டது. போட்டவர் ஸ்டூல் மேல் ஏறிப் போட்டார். எல்லோரும் ஆரவாரம் செய்ய, கூட்டத்தின் பின்னால் நின்ற புலோ மட்டும் கை தட்டவில்லை. அவர் கண்ணே நாடா. பார்த்த பார்வையில் தெரிந்துவிட்டது, ஆறடி நாலரை அங்குலம்.

வெண்டெல் நல்ல பிள்ளை. ஓஹாயோவில் எங்கோ ஒரு ஊர். "எங்க ஊர்ல என்னைக் குள்ளன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க ஐயா" என்று புலோவிடமே வெட்கத்தோடு சொன்னான். "பெரிய லீகுக்கு இன்னும் ரெண்டு அங்குலம் வேணுமாம்."

புலோவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உலகத்தில் ஒரு மனுஷனை ஒரு பக்கம் குட்டை என்கிறார்கள், ஒரு பக்கம் நெட்டை என்கிறார்கள், பாவம் அவன் என்ன செய்வான்?

வீட்டுக்கு வந்து லூமிங்கிடம் மட்டும் சொன்னார்.

"அரை அங்குலம்தானே!" என்றாள் லூமிங். "கண்ணை மூடிக்கிட்டு அட்டையைச் செருகு."

"கண்ணை மூடுறது படுக்கிறவன் வேலை. என் வேலை இல்லை."

"அணி போயிரும்யா."

"தெரியும்."

"அப்புறம் மறுபடியும் நீயும் நானும் அந்த ரேடியோவும்தான்."

"தெரியும்டி!" என்று கத்தினார் புலோ. அவர் கத்தி லூமிங் கேட்டதே இல்லை. "தெரியாமலா சொல்றேன்? அந்த ஆட்டக் கொட்டகையில மட்டும்தான் என்னை மனுஷன் தொடுறான். அதுக்காகப் பொய் அளவு சொல்லுவேனா? ஒரு தடவை பொய் சொன்னா, இதுவரைக்கும் நான் அளந்தவங்க எல்லார் வீட்டுலயும் சந்தேகம் வராதா? எங்கப்பன் பெட்டி சரியா இருந்துச்சான்னு கும்பான் யோசிக்க மாட்டானா?"

லூமிங்குக்கு அது நியாயமாகப் பட்டது, அதனாலேயே கோபம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புலோவே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி, வாயை விட்டார். "காலையில இருக்கிற உயரம் சாயங்காலம் இருக்காது. நாள் முழுக்கச் சுமை தூக்கினவன் உடம்பு குறுகிப் போகும். படுத்து எழுந்தா மறுபடி நீளும். மூட்டை தூக்கிட்டு வந்து செத்தவங்களை அளக்கும்போது எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். லூமிங் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போற?"

"ரொட்டி வாங்க."

ரொட்டிக்கடைக்குப் போன சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? புலோ பட்டறைக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அளக்கிறவன் இதில் தலையிடக் கூடாது, தலையிடவும் இல்லை. ஆனால் பலகை இடுக்கு வழியாகப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

திருவிழாக் காலையில் அவர் பார்த்தது இது. விடிந்தும் விடியாமலும் வெண்டெல் தலையில் ஐஸ் கட்டி. ஒரு கட்டி இல்லை, இரண்டு. ஆலையிலிருந்து மீன்சந்தை வரை, சந்தையிலிருந்து ஆலை வரை. பின்னாலேயே ஊர்க்கூட்டம்.

"அவனை உட்கார விடாதீங்கடா!"

"குனியாத தம்பி, நேரா நில்லு, தலையில பாரம் நேரா இறங்கட்டும்!"

"என்னாத்துக்கு இதெல்லாம்?" என்று வெண்டெல் கேட்டான்.

"பயிற்சி!" என்றது ஊர் ஒரே குரலில்.

அடுத்து நெல் மூட்டை. அடுத்து சான் விசென்தே சுவாமியின் சப்பரம். நாலு பேர் தோளில் தூக்குகிற சப்பரம். தூக்குகிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது சப்பரம் கண்ட எவனுக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் முன்கால் ஒன்றில் வெண்டெலை நிறுத்தி, மற்ற மூன்று காலுக்கும் ஊரிலேயே குட்டையான மூன்று பேரைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். அவர்கள் தோள் சப்பரத்தை எட்டவே இல்லை, எட்டிப் பிடித்துக்கொண்டு சும்மா கூட நடந்தார்கள். பாரம் முழுக்க வெண்டெல் மேல். சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை உயர்த்திக்கொண்டு, பந்தை வளையத்தில் போட ஓடுகிற மாதிரியே தெருத்தெருவாகப் போனது. பங்குச் சாமியார் முதலில் முறைத்தார். யாரோ காதில் விஷயத்தைச் சொன்னார்கள். அவரும் திமிங்கிலம்தானே? "இன்னும் ரெண்டு தெரு சுத்திட்டுப் போகலாம்" என்றார்.

இதோடு விட்டார்களா? திருவிழாவன்று எந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் மறுக்கக் கூடாது. வெண்டெல் பதினோரு வீட்டில் சாப்பிட்டான். ஒரு வீட்டில் முழுப்பன்றி வாட்டியது, ஒரு வீட்டில் நூடுல்ஸ், ஒரு வீட்டில் இலையில் சுட்ட பசைச்சோறு, எல்லாம் நின்றபடியே. உட்காரப் பார்த்தால் பாட்டிமார்கூட நாற்காலியை உருவினார்கள். பதினோராவது வீட்டில் நின்றபடியே கண் சொக்கினான். இரண்டு பக்கமும் ஆள் தாங்கி, படுக்க விடாமல், மைதானத்துக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள்.

மாலை நாலு மணிக்கு ஆட்டம். மூன்றரைக்குக் கொட்டகையில் எள் விழ இடமில்லை. வலப்பக்கம் திகாபோன், இடப்பக்கம் பத்து ஜீப்னியில் வந்த லாகுனோய். கோர்ட்டின் நட்டநடுவில் புலோவின் பெட்டி. முன்வரிசையில் லூமிங், அவளை அடுத்துத் தெல்பா.

வெண்டெல் பெட்டிக்குள் மல்லாந்தான். நாள் முழுக்க எந்தத் தரையும் அவன் முதுகுக்குக் கிடைக்கவில்லை. மரப்பலகை பட்டதும் பையனுக்கு முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உச்சி முட்டியது. புலோ கால்மாட்டில் மண்டியிட்டு அட்டையைச் செருகினார். சர்ரென்று அடிவரை இறங்கியது.

கூரை பறந்தது. சத்தமென்றால் அப்படிச் சத்தம்.

புலோ கையை உயர்த்தினார். "ஒண்ணுதான் ஆச்சு" என்றார். "இன்னொண்ணு இருக்கு."

அவர் கண்ணை மூடி மந்திரத்தைத் தொடங்கும்போதே பெட்டிக்குள்ளிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. வெண்டெல் தூங்கிவிட்டான். சாதாரணத் தூக்கமா அது? கை ஒரு பக்கம் சரிய, தோள் தளர, முழங்கால் தளர, கால் விரல் ஒவ்வொன்றாக விரிய. புலோவின் வாழ்க்கையில் உயிரோடு இத்தனை அழகாகத் தளர்ந்த உடம்பை அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் நீண்டுகொண்டிருந்தான்.

விஷயம் முதலில் விளங்கியது தெல்பாவுக்கு. "நீளுறான்டி, நீளுறான்!" என்று அலறினாள். "சீக்கிரம் மந்திரத்தை முடிங்க!"

புலோவின் மந்திரம் சாவு வீட்டு மந்திரம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விடலாம். வலப்பக்கத்து ஆயிரம் பேர் எழுந்து நின்று அவரை முந்த ஆரம்பித்தார்கள். பரலோகத்தில் தொடங்கி ஆமென் வரை ஒரே மூச்சு, குதிரைப் பந்தயம் மாதிரி. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இன்னும் மூன்றாவது வரியில் இருந்தார். மறுபடி முதலிலிருந்து ஓடினார்கள். இடப்பக்கம் லாகுனோய்க்காரர்கள் மட்டும் லேசா? அவர்களும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "பரலோக...த்தில் இருக்...கிற..." என்று மாதாகோவில் மணி மாதிரி இழுத்தார்கள். திகாபோனில் அத்தனை பக்தியை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சாமியார் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல், ஆட்டத்துக்கு ஊதக் கொண்டுவந்த விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

புலோவுக்கு எல்லாம் கேட்டது. கொஞ்சம் வேகமாகச் சொன்னால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? டெக்ஸாஸ்காரனுக்கு எந்த வேகத்தில் சொன்னாரோ அதே வேகம் என்று யார் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள்? அவர் பார்த்திருந்தார், அதுதான் தொல்லை. கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல், ஒரு பெருமூச்சைக்கூட விழுங்காமல் சொல்லி முடித்தார்.

ஆமென்.

கொட்டகை கப்சிப். குறட்டை மட்டும்.

அட்டையை எடுத்தார். குதிகால் பக்கம் கொண்டு போனார். அட்டை டப்டப்பென்று பலகையில் தட்டியது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் புலோவின் கை நடுங்கியது. செருகிப் பார்த்தார், இடுக்கின் வாயிலேயே இடித்து நின்றது. எடுத்தார். மறுபடி செருகப் போனவர் நிறுத்திவிட்டார்.

"என் கை ஆடுது" என்றார் உரக்க. "ஆடுற கையால எடுத்த அளவு, அளவில்லை. கோச், நீங்க வாங்க."

லூமிங் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு! கும்பானையா கூப்பிடுற? பாவி மனுஷா, பூனையைக் கூப்பிட்டா மீனுக்குக் காவல் வைக்கிற?"

"அவர்தான் வரணும்" என்றார் புலோ. "இறங்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறவர் கையால இறங்கட்டும்."

கும்பான் வந்தார். மண்டியிட்டார். அட்டையை வாங்கி, நடுங்காத தடித்த விரலால், மேலே வைத்தார். பாதி இறங்கியது. நின்றது. திகாபோன் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. கும்பான் அழுத்தவில்லை, மடக்கவில்லை. புலோவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, அட்டையின் தலையில் பூப்போல ஒரு தட்டுத் தட்டினார்.

அட்டை அடிக்குப் போய்விட்டது.

கும்பான் பல் பிடுங்கினவர் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு எழுந்தார். "இறங்கிருச்சு" என்றார். "நாசமாப் போக, இறங்கிருச்சு!"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? வேலி உடைந்தது. மீன்காரர் வந்தார், ஜீப்னிக்காரர் வந்தார், சாமியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எல்லோரும் பாய்ந்தது வெண்டெல் மேல் இல்லை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான், புலோ மேல். எல்லோருக்கும் முன்னால் வந்தது தெல்பா. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, லூமிங்கைத் தாண்டி, தட்டியைத் தாண்டி ஓடிவந்து, சவப்பெட்டிக்காரரை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வயிறு அவர் மேல் முட்டியது. உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்ததை அவரே உணர்ந்தார்.

பெண்கள் பக்கம் சட்டென்று வாய் மூடியது. தெல்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. மெதுவாகக் கையை எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. புலோ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பின்னால் நகர்ந்து நின்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெண்டெலை எழுப்ப முதல் கால்பகுதி முழுக்கப் போதவில்லை. எழுப்பி இறக்கினார்கள். கழுத்து திரும்பவில்லை, கால் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. குதிக்கச் சொன்னால் ஏப்பம் விட்டான். நாலு புள்ளி போட்டான். திமிங்கிலங்கள் நாற்பத்தொரு புள்ளியில் தோற்றார்கள். அவனை ஆட வைக்கக் குறுக்கினார்கள், குறுக்கினதாலேயே ஆட முடியாமல் போனது. இது அன்றைக்கு ஒருத்தருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை, ஆயிரம் பேர் இருந்தும். தோற்றுவிட்டு ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

அணி இன்னும் ஐந்து வாரம் இழுத்தது. வெண்டெல் நன்றாகவே ஆடினான், மற்றவர்கள்தான் ஆடவில்லை. பிறகு லீகில் இரண்டு ஊர்கள் கழன்றுகொண்டன, திராடோர் ஐஸ் விற்கப் போனார், வெண்டெல் பஸ் ஏறினான். எழுபத்திரண்டு நாள் வாழ்ந்த திமிங்கிலங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அவர்கள் ஜெயித்தது அந்த அட்டையை மட்டும்தான்.

புலோவுக்கு அணி போன துக்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தெல்பாவின் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த வாரங்களில் ரொட்டிக்கடைத் தெருப் பக்கமே அவர் போகவில்லை. ரொட்டி இல்லாமலே காலை காப்பியைக் குடித்தார். லூமிங் சாப்பிடச் சொன்னால், "பிள்ளை நல்லபடியா பிறக்கட்டும்" என்பார், வேறு பேச்சில்லை. பட்டறையில் சின்னப் பலகை எதையும் கண்ணில் படும்படி வைக்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல், பட்டறை வாசலில் தெல்பா நின்றாள். எந்தப் பெண்ணும் தானாக வந்து நிற்காத வாசல். கையில் துணிச்சுருள்.

புலோவின் கையிலிருந்த இழைப்புளி கீழே விழுந்தது. "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"என்ன ஆகும்? பசிச்சா ஊரைக் கூட்டுறான்" என்று துணியை விலக்கிக் காட்டினாள். பையன். கரேலென்று முடி, உருண்டைக் கன்னம், ஆத்திரமான முகம். "கட்டிப்பிடிச்சதுக்கு எங்க மாமியா ஒரு மாசம் என்னை வெயில்ல நிக்க வச்ச மாதிரி திட்டுச்சு. இப்ப பாருங்க, தெருவிலயே இவன்தான் நெட்டை. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தகப்பன்."

பின்னாலிருந்து லூமிங், "யாரு, இந்த மனுஷனா? ஊர் ஒத்துக்குமா?" என்றாள்.

"ஊரு கிடக்கு. பொய் சொல்லாத ஆளு ஒருத்தராவது என் பிள்ளைக்கு வேணும்ல? இந்தாங்க, பிடிங்க."

பிடித்தார். பிள்ளை அவர் சட்டையைப் பற்றிக்கொண்டான்.

"எங்க, உங்க கண்ணால பார்த்துச் சொல்லுங்க" என்றாள் தெல்பா உற்சாகமாக. "எத்தனை அங்குலம் இருக்கான்? ஆஸ்பத்திரியில ஏதோ சொன்னாங்க, எனக்கு நம்பிக்கையில்லை."

புலோ குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எண் வந்து நாக்கு நுனியில் நின்றது, கால் அங்குலம் வரை துல்லியமாக. அவர் அவசரமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தெரியலைம்மா" என்றார், அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை. "இவன் வளர்ற பிள்ளை."